நாற்பத்தாறாம் நம்பர் ஷூ

பெசியோ, தராவா
ஜூன் 3, செவ்வாய்

என் பெருமைக்குரிய மருமகளே, அகோயா,

மவுரி, வணக்கம்! நீ மஜுரோவில் காலை வைத்ததும் அந்தத் தீவு ஒரு பக்கமாகச் சாய்ந்தது என்று இங்கே வானொலியில் சொன்னார்கள். உண்மையில் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும். ஐந்து தீவு அணிகள் மோதும் கூடைப்பந்துக் கோப்பைக்கு, ஆறடி இரண்டங்குலப் பெண் ஒருத்தியைக் கிரிபாஸ் தேசம் அனுப்புகிறது என்றால் சும்மாவா? உன் தாயின் ஒரே தம்பியாகிய நான் இங்கே நடக்கும்போது தென்னை மரங்கள் குனிந்து வழிவிடுகின்றன.

பொன்ரிகி விமான நிலையத்தில் பையைத் திறந்து, ஷூ இல்லை என்று கண்டு, என்னை ஒரு பார்வை பார்த்தாயே! அதில் ஓடுதளத்துத் தார் உருகியது. விமானம் தாமதமானதற்கு அதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன். ஒரு வார்த்தை பேசாமல் ஏறிப் போய்விட்டாய். முப்பத்தொரு வருடத்தில் நீ என்னிடம் பேசாமல் போனது இதுவே முதல் தடவை. பிறந்த அன்றைக்குக்கூட என்னைப் பார்த்துக் கத்தினாய்.

நடந்ததைக் கேள். ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்து, சோறும் டின் மாட்டிறைச்சியும் சாப்பிட்டு, தர்மதேவதைபோல் சாய்ந்திருக்கிறேன். உன் அத்தையின் தம்பி பரானிகோ வருகிறான். வாசலில் உன் பை. பையின் வாயில் அந்த ஷூ, இரண்டு படகுகள்போல.

"மச்சான், ஒரு புபுசி."

"கேளு."

"அந்த ஷூவக் குடு. ஆக்டோபஸ் புடிக்கப் போகணும், பவளப்பாறையில காலு கிழிஞ்சு தொங்குது."

நான் என்ன செய்வேன்? சொந்தக்காரன் வாய்திறந்து புபுசி என்று கேட்டபின் 'இல்லை' என்று சொன்ன மனிதன் நம் முப்பத்து மூன்று தீவுகளிலும் கிடையாது. ஒருவன் இருந்தான், வெட்கத்தில் கடலுக்குள் நடந்தே போய்விட்டான் என்று கேள்வி. நீயோ பயிற்சிக்குப் போயிருந்தாய். கொடுத்துவிட்டேன்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது அசிங்கம்தான். ஆனால் புதிதாக ஒரு புபுசியை நானும் அவனிடம் கேட்கலாமே! பத்தாம் தேதி விமானத்துக்குள் அந்த ஷூ உன்னிடம் வந்து சேரவில்லை என்றால், இந்த உரியாம் தன் பெயரை மாற்றிக்கொள்வான்.

உன் அன்பு மாமா,
உரியாம்

*

மஜுரோ
ஜூன் 5, வியாழன்

மாமா,

கடிதம் கிடைத்தது. தென்னை மரங்களுக்கு என் வணக்கம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி இல்லை. 'தப்புச் செய்துவிட்டேன்' என்கிற வரி. பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன், இல்லை.

அந்த ஷூ உங்களுடையது அல்ல. ஜெர்மன் கப்பலில் வேலை செய்கிற என் தம்பி ஹாம்பர்க்கில் எட்டுக் கடை ஏறி இறங்கி வாங்கியது. தபாலில் இரண்டு மாதம் வந்தது. ஷூ நாக்கின் உட்புறம் கறுப்புப் பேனாவால் அகோயா என்று எழுதி வைத்திருந்தேன். பரானிகோ மாமாவுக்கு எழுத்துத் தெரியாது என்று சொல்லாதீர்கள், கோயிலில் பைபிள் வாசிப்பவரே அவர்தான்.

இங்கே நிலவரம் இது. ஊரில் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு ஆடிவிடுவோம். இங்கே ஷூ இல்லாமல் களத்தில் கால் வைக்க விடமாட்டார்கள். மஜுரோ கடைகள் எல்லாவற்றிலும் தேடியாயிற்று. இருப்பதில் பெரியது நாற்பத்துமூன்று, அதுவும் மீன் கம்பெனி ஆட்கள் போடுகிற ரப்பர் பூட்ஸ். பயிற்சியாளர் தெகாவா தன் பழைய ஷூவைக் கொடுத்திருக்கிறார், நாற்பத்திரண்டு. விரல்களை மடக்கி உள்ளே திணிக்கிறேன். முன்பக்கத்தை வெட்டிப் பார்த்தேன். நடுவர் வந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் பேரு ஷூ இல்லம்மா, செருப்பு" என்றார். மறுபடியும் தைத்துவிட்டோம்.

நம் பெண்கள் அணி வெளியூரில் இதுவரை ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. இந்தத் தடவை முடியும். பதினான்காம் தேதி நவுருவோடு ஆட்டம். அதில் ஜெயித்தால் இறுதி ஆட்டம். எனக்கு இதுதான் கடைசி என்று தெகாவா சொல்லிவிட்டார், நானும் அறிவேன். முட்டி சொல்கிறது.

அப்புறம் ஒன்று கேட்க வேண்டும். பரானிகோ மாமா நம் வீட்டு விளக்கைக் கேட்டார், கொடுத்தீர்கள். வலையைக் கேட்டார், கொடுத்தீர்கள். உங்கள் மோட்டார் சைக்கிளை மட்டும் மூன்று வருடமாக அவர் கேட்கவே இல்லையே, அது எப்படி?

அகோயா

*

பொன்ரிகி விமான நிலையம்
ஜூன் 10, செவ்வாய்

வீராங்கனையே,

ஒரு வாரமாக நான் பட்ட பாட்டை எழுதினால் இந்தத் தீவில் உள்ள தாளெல்லாம் தீர்ந்து, தாழை ஓலையில் எழுத வேண்டியிருக்கும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

புதனன்று பரானிகோ வீட்டுக்குப் போனேன். காலில் பழைய ரப்பர் செருப்போடு ஆக்டோபஸை அடித்துக்கொண்டிருந்தான்.

"ஷூ எங்கடா?"

"அதுவா? பஸ் ஓட்டுற என் சகலை புபுசின்னு வந்து நின்னான், மச்சான். நான் என்ன செய்ய?"

பஸ் ஓட்டும் சகலையைப் பிடிக்க இரண்டு நாள். அவன் பஸ் போடுகிற பாட்டுச் சத்தத்தில் என் வலது காது இப்போது ஓய்வில் இருக்கிறது. சன்னல் வழியாகக் கத்தினேன்: "ஷூ எங்கே?" அவன் சொன்னான்: "போதகர் கேட்டாரு பெரியவரே. போதகருக்கு இல்லன்னு சொன்னா நான் எந்தச் சொர்க்கத்துக்குப் போறது?"

நேற்று போதகர் வீட்டில் போய் நின்றேன். அவருக்கு எதற்கு நாற்பத்தாறு? அவர் கால் ஒரு கருவாட்டு அளவு. ஒற்றை ஷூவைக் கதவு காற்றில் அடிக்காமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்தாராம்! சொல்லும்போது நாணினார். "நேத்துதான் என் பெண்டாட்டியோட சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி பார்த்துட்டுக் கேட்டா. குடுத்துட்டேன். ஊருக்குப் போற அவசரத்துல இருந்தா, எந்த ஊருன்னு நான் கேக்கல." எந்த ஊர் என்று கேட்காத மனிதன் மற்றவர்களுக்குச் சொர்க்கத்துக்கு வழி சொல்கிறான். சுற்றிலும் கடல், அதில் முப்பத்து மூன்று தீவுகள். நான் எங்கே என்று தேடுவேன்? படகுத்துறையில் நின்று, புறப்பட்ட ஒவ்வொரு படகிலும் ஒவ்வொரு காலாகப் பார்த்தேன். இரண்டு பெண்கள் என்னை அடிக்க வந்தார்கள்.

ஆகையால் ஷூ இல்லை. கடிதம் மட்டும் இருக்கிறது.

ஆனால் கேள், இங்கே விமானத்துக்குக் காத்திருக்கையில் ஓர் அருமையான பெண்ணைச் சந்தித்தேன். பெயர் எபெலினா. தாய் நம் நொனூசி தீவுக்காரி, தகப்பன் நவுரு. உன்னோடு மோதப்போகும் நவுரு அணியில் ஆடுகிறாளாம். தாய் வீட்டுச் சொந்தங்களைப் பார்க்க வந்து, இங்கிருந்து நேராக மஜுரோ போகிறாள். உட்கார்ந்தபோதே என்னைவிட உயரம்! மடியில் பாய் ஒன்றை விரித்துத் தரைவரை தொங்கவிட்டு ராணிபோல் இருந்தாள். அவள் முகத்தை அண்ணாந்து பார்த்தே பேசியதில் என் கழுத்து இன்னும் இறங்கவில்லை.

எதிரி என்றாலும் மரியாதையான பெண். என் கதைகளுக்கு அப்படிச் சிரித்தாள்! அந்த உற்சாகத்தில், உன் அத்தைக்குக்கூடச் சொல்லாத மோட்டார் சைக்கிள் ரகசியத்தைச் சொல்லிவிட்டேன். நீயும் கேட்டாயே, உனக்கும் சொல்கிறேன். மூன்று வருடம் முன்பு பரானிகோ வாசலில் வந்து நின்றான். கண் முழுக்க என் மோட்டார் சைக்கிள். அவன் வாய் திறப்பதற்குள் நான் பாய்ந்தேன்: "மச்சான், ஒரு புபுசி!" "கேளு" என்றான். "என் மோட்டார் சைக்கிள எந்தக் காலத்துலயும் எங்கிட்டக் கேக்காதே. அதான் நான் கேக்கறது." மறுக்க முடியுமா? திறந்த வாய் திறந்தபடி நின்றான். ஒரு மீன் டின்னோடு வழியனுப்பினேன். நம் முன்னோர் ஆயிரம் வருடமாகக் கண்டுபிடிக்காத கேடயம் இது!

உன் பெருமையையும் சொன்னேன். நீ எப்போதும் இடது பக்கம்தான் திரும்புவாய் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னேனோ? இல்லை.

இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். உறைமேல் உன் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன். வாங்கியவள் அந்தப் பெயரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையெழுத்தின் அழகு அப்படி.

மாமா

*

மஜுரோ
ஜூன் 12, வியாழன்

மாமா,

எபெலினா உங்கள் கடிதத்தைத் தந்தாள். வந்த அன்றே, பள்ளிக்கூட விடுதி வாசலில். நான் உறையைப் பார்க்கவில்லை. அவள் காலைப் பார்த்தேன்.

என் ஷூ.

பாயைத் தரைவரை தொங்கவிட்டு ராணிபோல் இருந்தாள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பாய்க்குக் கீழே. நீங்கள் படகுத்துறையில் ஊரார் காலையெல்லாம் பார்த்தீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் காலைப் பார்க்கவில்லை.

போதகர் வீட்டில் அவள் கேட்டபோது அது யாருடையது என்று அவளுக்குத் தெரியாதாம். ஷூ நாக்கில் பெயர் மட்டும் இருந்தது. உங்கள் உறையில் அதே பெயரைப் பெரிய எழுத்தில் பார்த்ததும் புரிந்துவிட்டது.

நான் வாய் திறந்தேன். அவள் நொனூசிக்காரி மகள், எனக்குச் சொந்தம்தான். நான் கேட்டால் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் அவள் முந்திக்கொண்டாள்.

"அக்கா, ஒரு புபுசி."

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை மாமா. தாகத்துக்கு இளநீர் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். "கேளும்மா" என்றேன்.

"இந்தக் கோப்பை முடியறவரைக்கும் எங்கிட்ட எதையும் கேக்காதீங்க."

சொல்லும்போது அவள் கண் கலங்கியது. "எனக்கும் நாப்பத்தாறுதான் அக்கா. என் ஷூ போன வாரம் வாயைப் பொளந்துடுச்சு. வேற வழி தெரியல. ஒரு மாமா இந்த வழியச் சொன்னாரு."

ஒரு மாமா.

உள்ளே போய் உங்கள் கடிதத்தைப் படித்தேன். கேடயம் என்கிற வார்த்தை வந்த இடத்தில் எழுந்துபோய் முகம் கழுவினேன். உங்கள் மோட்டார் சைக்கிளைக் கேட்க முடியாமல் போனதால்தானே பரானிகோ மாமா மற்றதையெல்லாம் கேட்டுக்கொண்டு திரிகிறார்? மோட்டார் சைக்கிளைக் காப்பாற்றி என் ஷூவைக் கொடுத்தீர்கள். பிறகு அந்தத் தந்திரத்தையும் என் ஷூவைப் போட்டிருப்பவளுக்கே சொல்லிக் கொடுத்தீர்கள்.

நேற்று போன்பேயோடு ஆட்டம். ஜெயித்தோம். வெளியூரில் நம் முதல் வெற்றி. சந்தோஷமாக ஒரு வரி எழுதலாம் என்று பார்க்கிறேன், வலது பெருவிரல் நகம் கறுத்துவிட்டது, அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் இரண்டு நாள்.

அகோயா

*

பொன்ரிகி, விமானத்தின் நிழலில்
ஜூன் 13, வெள்ளி

மருமகளே,

விமானி எரிபொருள் நிரப்புகிறார், அதற்குள் எழுதுகிறேன், பெருமூச்சுக்கெல்லாம் நேரமில்லை.

வழி இருக்கிறது! அவள் உன்னைத்தானே கேட்காதே என்றாள்? உங்கள் அணியில் பன்னிரண்டு பேர்! மீரேயின் பாட்டனும் நொனூசிதான். மீரேயைப் போய்க் கேட்கச் சொல்: 'அந்த ஷூவக் குடு.' அவளால் மறுக்க முடியாது. மீரேயிடமிருந்து நீ வாங்கிக்கொள். சட்டத்தில் ஓட்டை போட்டவன் நான், அந்த ஓட்டையில் ஓட்டை போடவும் எனக்குத் தெரியும். கப்பல் செய்த கையால் கப்பலை மூழ்கடிக்க

விமானி கூப்பிடுகிறார்.

மாமா

*

மஜுரோ
ஜூன் 15, ஞாயிறு

மாமா,

வெள்ளிக்கிழமை மாலையே கடிதம் வந்துவிட்டது. மீரேயைக் கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். அவள் பாதி டோனட்டை வாயில் வைத்துக்கொண்டு விழித்தாள்.

"அக்கா... காலையில எபெலினா ஒரு தட்டு நெறைய டோனட் கொண்டாந்தா."

"சரி?"

"ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டு, எங்கிட்ட எதையும் கேக்காதீங்கன்னு ஆளுக்கு ஒரு புபுசி கேட்டுட்டுப் போனா."

மற்றப் பதினொரு பேரிடமும். தெகாவாவிடமும். அவருக்கு இரண்டு டோனட். நம் ஆட்கள் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை; ஒவ்வொருத்தியும் தன்னிடம் மட்டும்தான் கேட்டாள் என்று நினைத்திருக்கிறாள். உங்கள் மாணவி உங்களைவிடக் கெட்டிக்காரி.

நவுரு ஆட்டத்தைச் சொல்கிறேன். நீங்கள் அதை வேறு யாரிடமிருந்தும் கேட்கக் கூடாது.

முதல் பாதியில் நாங்கள் ஆறு புள்ளி முன்னால். விரல்களில் துணி சுற்றி, எண்ணெய் தடவி உள்ளே திணித்திருந்தேன். இரண்டாம் பாதியில் இடது பக்கம் திரும்பிய ஒவ்வொரு தடவையும் எபெலினா அங்கே எனக்கு முன்னால் நின்றாள். நீங்கள் சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சரி.

கடைசி நிமிடம். நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. அவர்கள் ஒரு புள்ளி மேலே. மீரே எறிந்தாள். பந்து வளையத்தில் பட்டு மேலே எழும்பியது. நேர் கீழே நானும் எபெலினாவும். அந்தப் பந்து எனக்குத்தான் மாமா. பத்து வயதிலிருந்து அந்த இடத்தில்தான் நிற்கிறேன், அது எங்கே இறங்கும் என்று எனக்குத் தெரியும். வலது காலை ஊன்றி எழும்பினேன். நகம் பிய்ந்தது. பாதிதான் எழும்ப முடிந்தது.

என் ஷூ என்னைவிட ஒரு சாண் உயரே குதித்தது.

மணி அடித்துவிட்டது. அவர்கள் ஆடிப் பாடினார்கள். நான் களத்திலேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்ற முயன்றேன். வீங்கிப் போயிருந்ததால் வரவில்லை. தெகாவாவும் மீரேயும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். அரங்கமே சிரித்தது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, வெளியே இருந்து பார்த்தால் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும்.

நேற்று மாலை இறுதி ஆட்டமும் முடிந்தது. இரண்டையும் ஒரே நாளில் வைத்துவிட்டார்கள். உள்ளூர் மார்ஷல்காரர்கள் நவுருவை இருபது புள்ளியில் அடித்தார்கள். முடிந்ததும் எபெலினா வேர்வையோடு நேராக என்னிடம் வந்து முன்னால் நின்றாள்.

"கோப்பை முடிஞ்சுடுச்சு அக்கா. இப்பக் கேளுங்க."

கேட்காமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ரோஷம். பிறகு தம்பி ஏறி இறங்கிய எட்டுக் கடை ஞாபகம் வந்தது. கேட்டேன். அங்கேயே உட்கார்ந்து கழற்றிக் கொடுத்தாள். இன்னும் சூடாக இருந்தது. அவள் வெறுங்காலோடு பஸ் ஏறிப் போனாள்.

இப்போது ஷூ என் பையில் இருக்கிறது. ஆடத்தான் ஆட்டம் இல்லை.

அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்கு உங்கள்மேல்தான் கோபம். நீங்கள் இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பாயும் டோனட்டும் பிய்ந்த நகமும் சேர்ந்தால் எப்பேர்ப்பட்ட கதை! ஊர்க்கூடத்தில் உட்கார்ந்து எபெலினாவைப் பன்னிரண்டடி ஆக்குவீர்கள். என் ஷூவை அவிழ்க்க முப்பது பேர் கயிறு கட்டி இழுப்பார்கள். பத்து வருடம் நான் போகிற இடத்திலெல்லாம் ஜனங்கள் சிரிப்பார்கள். நான் தோற்றது உங்களுக்குக் கதையாகிவிடும்.

ஆகையால் மாமா, ஒரு புபுசி.

இந்தக் கதையை எந்தக் காலத்திலும் யாரிடமும் சொல்லாதீர்கள்.

வெள்ளிக்கிழமை வருகிறேன்.

அகோயா

*

பெசியோ
ஜூன் 17, செவ்வாய்

அகோயா,

சரி.

இதற்கு மேல் என்ன எழுதுவது என்று தெரியாமல் காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு நீ என் மோட்டார் சைக்கிளையே கேட்டிருக்கலாம்.

தோற்ற செய்தி வானொலியில் வந்துவிட்டது. நேற்று ஊர்க்கூடத்தில் எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். "சொல்லுங்க உரியாம், மஜுரோவுல என்னதான் ஆச்சு?" நான் சொன்னேன்: "ஒரு புள்ளியில தோத்தாங்க." மேலே சொல்வேன் என்று காத்திருந்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். இன்று காலை உன் அத்தை நர்சை அழைத்து வந்துவிட்டாள். நர்சிடமும் சொல்லவில்லை.

நீ பின்பக்கம்கூடத் திருப்பித் தேடிய அந்த வரி இது. தப்புச் செய்துவிட்டேன். ஷூவை எடுத்துக் கொடுத்த நிமிடமே தெரியும். உன் பெயரைப் பார்த்துக்கொண்டேதான் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை உன்னை அழைத்துப் போக மோட்டார் சைக்கிளில் வருகிறேன். பின்னால் பரானிகோவும் உட்கார்ந்து வருகிறான், உன்னை வரவேற்க வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

விமானத்திலிருந்து வெறுங்காலோடு இறங்கு. பையின் வாயை இறுக்கிக் கட்டு.

மாமா